மர்செலினம்மாவின் மூன்று குரோஷா சட்டைகள்

பிள்ளையார் சுழி போட்டு அதோடு மூடி வைத்த நோட்டு என்னிடம் மூன்று இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள், எழுத்து வராது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. எழுத உட்கார்ந்தால் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டிவரும். அதற்குத்தான் பதினோரு வருஷம் தயங்கினேன்.

இப்போது எழுத வைத்தது ஒரு வீடியோ. நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த கடையை ஜுலைகா லாத்தாவின் மகள் நடத்துகிறாள். கெட்டிக்காரப் பெண். பழைய குரோஷா சட்டைக்குப் புது லுக் கொடுப்பது எப்படி என்று போனில் படம் எடுத்துப் போடுகிறாள். போன மாதம் போட்டதில் எங்கள் கடையின் ‘விரல் பார்டர்’ பற்றிச் சொல்லிவிட்டு, “இதைக் கண்டுபிடிச்சவங்க எங்க அஞ்சலையம்மா, கண்ணு தெரியாத ஒருத்தவங்களுக்காக இரக்கப்பட்டுச் செஞ்சாங்க” என்று முடித்திருந்தாள். அதைப் பார்த்து, கடையில் வேலை பழகுகிற பெண்கள் வீட்டுக்கே வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை திருநள்ளாறு போய் எள் தீபம் ஏற்றினேன். தீபத்தை ஏற்றிவிட்டு உண்மையை மறைத்துக்கொண்டு பஸ் ஏறினால் அது என்ன பக்தி? அதனால் எழுதுகிறேன்.

நான் திருவேட்டக்குடிக்காரி. அப்பா கடலுக்குப் போனவர். வலை அறுந்தால் கண்ணி போட்டு முடிவது சின்ன வயதிலிருந்தே என் வேலை. கல்யாணமாகிக் காரைக்கால் வந்து, இரண்டு பிள்ளை பெற்ற பிறகு லாத்தாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். லாத்தா என்றால் அவர்கள் வீட்டுப் பேச்சில் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். கடை என்று பேர்தான், வீட்டு மாடியில் நீளமான ஓர் அறை, ஐந்து பெண்கள். பிரான்சில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலிருந்து குரோஷா துணி வரும். கொக்கி ஊசியால் ஒரே நூலில் கையால் பின்னிய சட்டை, கவுன், சால்வை. வீட்டில் போட்டுக்கொள்ளப் பின்னியது என்பதால் பூவும் இருக்காது, ஓரமும் இருக்காது. ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே பின்னல். அதன் உடம்பில் கத்தரி வைக்காமல், பார்க்கிறவர்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கும்படி ஆக்கித் தருவது எங்கள் தொழில்.

அங்கே நான் முதலில் கற்றது, முடிச்சு கூடாது என்பது. வலைக்கு முடிச்சுதான் உயிர். குரோஷாவில் முடிச்சு விழுந்தால் அது சோற்றில் கல். என் கை பழக்கத்தில் முடிச்சுப் போட்டுவிடும். லாத்தா வாய் திறக்க மாட்டார், கத்தரி முனையால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போவார். ஒரு வருஷத்தில் கை திருந்தியது. திருந்தியது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எங்கே ஒரு முடிச்சைப் பார்த்தாலும் எனக்குப் பல்லில் மணல் கடித்தது மாதிரி இருக்கும்.

வேலை முறையைச் சொல்கிறேன், இப்போதைய பெண்கள் பாதியைத் தாண்டிவிடுகிறார்கள். துணி வந்ததும் முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்ப வேண்டும். லாத்தா அப்படித் திருப்பி மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். வெளிப்பக்கம் ஊருக்கு, உள்பக்கம்தான் பின்னினவங்க என்பார். எங்கே தொடங்கினார்கள், எங்கே நூலை முடித்தார்கள் என்று கண்டுபிடிக்கும்வரை ஊசியைத் தொட விடமாட்டார். குரோஷா முடித்த முனையிலிருந்துதான் பிரியும். சேர்ந்த புதிதில் நான் ஒரு கவுனைத் தொடங்கிய முனையிலிருந்து இழுத்து, ஒரு சாண் துணியைச் சுருட்டிக் கொழுக்கட்டை ஆக்கிவிட்டேன். லாத்தா திட்டவில்லை. கீழே போய் டீ வாங்கி வரச் சொன்னார். வருவதற்குள் பாதியைச் சரி செய்து வைத்திருந்தார். “மீதி நீ,” என்றார். எனக்கு மூன்று நாள் ஆனது. டீ அவருக்கு.

அப்புறம் கழுவல். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் போட்டால் வெள்ளை நூல் பழுப்பாகிவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருப்போம். பூந்திக்கொட்டை நுரையில் அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும், பிழியவே கூடாது. சோறு வடித்த கஞ்சியை இரண்டு தடவை துணியில் வடிகட்டி, நீர்க்கக் கரைத்து, அதில் ஒரு முக்கு. பழைய போர்வை சுற்றின பலகையில் ஈரத்தோடு விரித்து, ஓரம் முழுக்கப் பித்தளைக் குண்டூசி குத்தி, நிழலில் காயவிட வேண்டும். அளவு கெட்டு இழுத்துக்கொண்டு நின்ற சட்டை, ஊசியை எடுக்கும்போது பின்னின அன்றைக்கு இருந்த வடிவத்துக்கு வந்திருக்கும். முப்பத்தொரு வருஷம் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் கை கூப்பியிருக்கிறேன்.

பார்டர் வைக்கப் புது நூல் வேண்டும். பழைய வெள்ளையும் புது வெள்ளையும் சேராது, சம்பந்தி மாதிரி விலகி நிற்கும். அதற்காகப் புது நூலை நீர்த்த டீத்தண்ணீரில் முக்கிக் காய வைப்போம். கடைசி வரிசையைப் பிரித்து, அந்தப் பின்னல் கண்களில் புது நூலைக் கோத்து, சிப்பி மாதிரி விரிந்த பின்னலோ, சின்ன மொட்டோ போட்டு ஓரம் கட்டுவோம். உள்ளே மெல்லிய லைனிங். வேண்டுமானால் பட்டன் மாற்றம். அவ்வளவுதான்.

மர்செலினம்மாவின் சட்டைகள் வந்த கதைக்கு வருகிறேன்.

கொண்டுவந்தது அவர் மகள் லூசி. அம்மாவைப் பிரான்சுக்கு அழைத்துப் போக அங்கிருந்து வந்திருந்தாள். மர்செலினம்மாவின் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர், தவறிப் போய்விட்டார். கண்ணில் பிரஷர் வந்து நாற்பத்தெட்டு வயதில் அந்த அம்மாவுக்குப் பார்வை முழுதாகப் போயிருந்தது. அதற்குப் பிறகு குரோஷா கற்றுக்கொண்டு, தனக்கு வேண்டிய மேல்சட்டையைத் தானே பின்னிப் போட்டுக்கொண்டு, கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். லூசியும் அங்கேயே இருக்கிற அவள் அண்ணனும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு வருஷம் கழித்துத்தான் சம்மதித்தாராம். அதற்கும் ஒரு நிபந்தனை. அங்கே யாரும் எனக்கு உடுத்திவிடக் கூடாது, என் சட்டையை நானே போட்டுக்கொள்வேன், அது முடியாத நாளில் என்னைக் காரைக்காலுக்கே அனுப்பிவிடுங்கள் என்பது. லூசி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள், எங்கள் அம்மா பிடிவாதத்தைப் பாருங்கள் என்பதுபோல. பிளேனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மூன்று சட்டைகள். மூன்றும் வெள்ளை, முன்பக்கம் திறந்தது, ஐந்து ஐந்து பட்டன். ஒரு பூ இல்லை. “பார்க்கிறவங்க அனாதை மடத்துலேருந்து வந்திருக்குன்னு நெனச்சுக்கப் போறாங்க. கொஞ்சம் அழகு பண்ணிக் குடுங்க. அம்மாட்ட சொல்ல வேண்டாம், போட்டுப் பார்க்கிறப்போ தெரியட்டும்,” என்றாள்.

லாத்தா வழக்கம்போல உள்பக்கம் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். கண் தெரியாதவர் பின்னியது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. பின்னலில் ஒரு கண் தப்பவில்லை, ஒரு வரிசை சாயவில்லை. ஆனால் முன் ஓரத்தில், பட்டன் வரிசையிலும் அதற்கு எதிரே காஜா வரிசையிலும், உள்பக்கமாகச் சின்னச் சின்ன முடிச்சுகள். எனக்குப் பல் கூசியது.

நூல் தீர்ந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார், பாவம், கண் தெரியாததால் முடிச்சாகிவிட்டது என்றேன். லாத்தா தலையை ஆட்டவில்லை. நூல் எங்கேயாவது நடுவிலும் தீருமே, எல்லாம் எப்படி ஓரத்திலேயே வரும் என்று கேட்டார். வரிசை திரும்புகிற இடத்தில்தானே எல்லோரும் நூல் மாற்றுவார்கள் என்று நான் வாதாடினேன். எனக்கு அப்போது கடையில் இருபது வருஷம் ஆகியிருந்தது. தலையில் கொஞ்சம் கொம்பு முளைக்கிற வயது அது.

“அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுக் கை வை,” என்று சொல்லிவிட்டு லாத்தா மத்தியான லுஹர் தொழப் போனார்.

நான் கேட்கவில்லை. லூசியே ரகசியமாக வைக்கச் சொன்னாள், அவளுக்குக் குரோஷா பற்றி என்ன தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கத்தரியை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டினேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நூல் ஒட்டாக இருந்தால் வெட்டினதும் பின்னல் இளகும். ஒரு முடிச்சுகூட அப்படி இளகவில்லை. எல்லாம் தனியாகக் கட்டிய முடிச்சுகள். அது என் விரலுக்குத் தெரிந்தது. அப்போதாவது கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மூன்று சட்டையையும் முடித்தேன்.

லாத்தா தொழுதுவிட்டு வந்தார். “கேட்டியா?”

“கேட்டேன் லாத்தா. எடுக்கச் சொல்லிட்டாங்க.”

இதை எழுதத்தான் பதினோரு வருஷம் ஆனது.

ஒரு வாரம் நாங்கள் அத்தனை பேரும் அந்தச் சட்டைகளில் உட்கார்ந்தோம். கழுத்திலும் முன் ஓரத்திலும் சிப்பி பார்டர். நான் போட்டதிலேயே நல்ல பார்டர் அதுதான், பொய் சொல்லவில்லை. ஐந்து நாள் மிச்சம் இருக்கும்போது லாத்தாவும் நானும் எடுத்துக்கொண்டு போனோம்.

மர்செலினம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லூசி முதல் சட்டையை மடியில் வைத்தாள். அந்த அம்மா முதலில் அதை மூக்கருகே கொண்டுபோனார். “டீத்தண்ணில முக்கினீங்களா? சர்க்கரை போட மறந்துட்டீங்களே,” என்றார். எல்லோரும் சிரித்தோம். பார்டரைத் தடவி, சிப்பி நல்லா விரிஞ்சிருக்கு, யார் கை என்று கேட்டார். என் கைதான் என்றேன், பெருமை தாங்கவில்லை.

பிறகு அவர் விரல் முன் ஓரத்துக்குப் போனது. மேலிருந்து கீழே இறங்கியது. மறுபடி மேலே போனது. உள்பக்கம் திருப்பி இறங்கியது. அந்த விரல் தேடினதை நான் பார்த்தேன்.

“லூசி, இது என் சட்டைதானா?”

“உன்னதுதாம்மா. எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா.”

எழுந்து நின்று போட்டுக்கொண்டார். மூன்றாவது பட்டன் நான்காவது காஜாவுக்குப் போனது. கழற்றி மறுபடி போட்டார். இந்தத் தடவை இரண்டாவது தப்பியது. சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. லூசி சரி செய்யக் கை நீட்டினாள். அந்தக் கையை அவர் மெல்ல விலக்கினார்.

முதல் பட்டனுக்கும் அதன் காஜாவுக்கும் ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு, அப்படியே ஐந்துவரை. ஒரு முடிச்சைத் தொட்ட விரல் எதிரே ஒரு முடிச்சைத் தேடும். அவ்வளவுதான் கணக்கு. பார்வை போன முதல் வருஷம் கோணல் சட்டையோடு மாதா கோயில் பூசைக்குப் போய், பின்னால் யாரோ சிரித்தது காதில் விழுந்த பிறகு அவர் செய்துகொண்ட ஏற்பாடு. தன் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. எல்லாவற்றையும் மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லி முடித்து, “அங்க வந்தா உன் அண்ணி எனக்குப் பட்டன் போட்டுவிடணும். அதானே? நான் வரல,” என்றார்.

லூசி அழ ஆரம்பித்தாள். எங்களைப் பார்த்து, “முடிச்சை எடுக்கலாமான்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலையேங்க,” என்றாள்.

லாத்தா திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவை. பிறகு மர்செலினம்மாவின் பக்கம் திரும்பி, “என் தப்புங்க. என் கண்ணுல பட்டுத்தான் எந்தத் துணியும் வெளிய போவும். நான்தான் விட்டுட்டேன்,” என்றார்.

கடைக்குத் திரும்பினோம். வாசலில் நான் மன்னிப்புக் கேட்டேன். “எங்கிட்ட எதுக்கு?” என்றார். “காலையில அங்க போயிரு. அவங்க என்ன சொல்றாங்களோ அதைச் செய்.”

போனேன். உண்மையைச் சொன்னேன். வெட்டினது நான், பொய் சொன்னதும் நான் என்றேன். மர்செலினம்மா பக்கத்து நாற்காலியைத் தட்டினார். “நேத்து அப்புறம் உங்க குரலே வரலையே, அப்பவே தெரிஞ்சுது. உக்காருங்க,” என்றார்.

பழையபடி முடிச்சே போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். என் பார்டர் தடிமன், அதற்கு அடியில் முடிச்சு விரலுக்கு அகப்படாதாம். பார்டரைப் பிரித்துவிடுகிறேன் என்றேன். அதற்கும் வேண்டாம் என்றார். “லூசிக்கு அழகு வேணும், எனக்கு அடையாளம் வேணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா என்ன?”

அவரே சொன்னார். முதல் பட்டனுக்கும் காஜாவுக்கும் நேரே ஓரத்தில் ஒரு மொட்டு. இரண்டாவதற்கு இரட்டை மொட்டு. மூன்றாவதற்கு ஓரத்துச் சிப்பிகளைவிடப் புடைத்த ஒரு சிப்பி. நான்காவதற்கு ஓட்டையுள்ள வளையம். கடைசிக்கு எதுவும் வேண்டாம் என்றார். மறந்துவிட்டாரோ என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லாத எடமும் கைக்குத் தெரியுமே,” என்றார்.

முதல் சட்டையைச் செய்து கொடுத்தேன். தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இது பார்க்கிறவர்களுக்குச் செய்தது, மொட்டுக்கும் சிப்பிக்கும் கண்ணுக்குத்தான் வித்தியாசம், விரலுக்கு ரெண்டும் ஒரே பருப்பு என்றார்.

“கண்ணை மூடிட்டுப் போடுங்க.”

மூடினேன். இருபது வருஷ வேலைக்காரி, ஒரு சங்கிலிப் பின்னல் போட முடியவில்லை. கொக்கி எங்கேயோ போகிறது, நூல் எங்கேயோ போகிறது. அவர் எதிரே உட்கார்ந்து, என் ஊசிச் சத்தத்தைக் கேட்டே, அது தப்பு, பிரிங்க என்பார். பிரித்துப் பார்த்தால் தப்பாகத்தான் இருக்கும். ஒரு தடவை துணியை வாங்கி, கட்டைவிரலை ஓரத்தின் முந்நூறு கண்களின் மேல் ஓடவிட்டு, ஒரு இடத்தில் நிறுத்தினார். அங்கே நூலின் ஒரு இழை மட்டும் கொக்கியில் மாட்டாமல் விட்டிருந்தது. ஒரு முழுக் கண்கூட இல்லை, ஓர் இழை. கண்ணைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் என்னால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்தச் சிலிர்ப்பு. ஒரு வாசலை அடைத்த தெய்வம் இந்த அம்மாவின் பத்து விரலிலும் பத்து வாசல் திறந்து வைத்திருக்கிறதே, இதைப் பார்க்க என்னைத் தப்புச் செய்யவிட்டாயா தாயே என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் மாலையில் கை பிடிபட்டது. அதற்குப் பிறகு மொட்டு தானாக உருண்டு நின்றது, வளையம் விரல் நுனி நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. நான்காம் நாள் மூன்று சட்டையும் முடிந்தன. கண்ணைத் திறந்து பார்த்தேன். கண்ணுக்காகச் செய்ததைவிட அதுதான் அழகாக இருந்தது. ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை கார் வந்துவிட்டது. சட்டை சரியாக வருகிறதா என்று முன்னாலேயே போட்டுப் பார்க்க அந்த அம்மா ஒப்பவில்லை. போட முடிந்தால் பயணம், இல்லையென்றால் பெட்டியைப் பிரித்து வைத்துவிடு என்று லூசியிடம் சொல்லிவிட்டு, சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே நின்றோம். லூசி கையில் டிக்கெட் கவர். லாத்தா உதடு அசைய துஆ ஓதிக்கொண்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். மூன்று நிமிஷம் இருக்கும். எனக்கு அது ஒரு பிரசவம்.

கதவு திறந்தது. ஐந்து பட்டனும் அதனதன் காஜாவில் இருந்தன. காலர் நிமிர்ந்து, ஓரம் நூல் பிடித்தது போல நேராக இறங்கியிருந்தது. லூசி வாயைத் திறந்தாள்.

“சரியா இருக்குன்னு சொல்லாதே. எனக்குத் தெரியும்,” என்றார் மர்செலினம்மா. வாசல்வரை யார் கையையும் பிடிக்காமல் நடந்தார். காரில் ஏறுமுன் நின்று, பிரெஞ்சில் நன்றி சொல்கிறபடி, லாத்தாவுக்கு ஒரு மெர்சி, எனக்கு ஒரு மெர்சி சொன்னார்.

அங்கே நன்றாக இருக்கிறார். அதில் ஒரு சட்டை நைந்துபோக, பார்டரைத் தானே பிரித்தெடுத்து, புதுச் சட்டை பின்னி அதில் சேர்த்துக்கொண்டாராம். எண்பது வயதில். லூசி போனில் சொன்னாள்.

அதற்குப் பிறகு கண் தெரியாதவர்கள், கை நடுங்குகிறவர்கள் என்று நிறைய பேருக்கு அந்த விரல் பார்டரைப் போட்டுக் கொடுத்தேன். எனக்குப் பேர் வந்தது. லாத்தா போன வருஷம் மௌத்தாகிக் கண் மூடும்வரை, நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அதனால்தான் அவர் மகளுக்கே தெரியாமல் போனது. அவளிடம் போன வாரம் போய்ச் சொல்லிவிட்டேன்.

இதைப் படிக்கிற பிள்ளைகள் அடுத்தவர்களிடம் சொல்லும்போது இப்படியே சொல்லுங்கள். முடிச்சை வெட்டினது அஞ்சலை. கேட்காமலே கேட்டேன் என்று சொன்னதும் அவள். பழியை எடுத்துக்கொண்டது ஜுலைகா லாத்தா. பார்டரைக் கண்டுபிடித்தது மர்செலினம்மா. என் மேல் பிரியம் என்று எதையும் விடவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். அழகாக்குகிறேன் பேர்வழி என்று எடுத்ததில்தான் அந்த அம்மாவின் முடிச்சுகள் போயின.